உடல் ஸ்கேனர்: படம் எங்கே போகிறது?

கல்மண்டபத்தில் எங்கள் தெருவிலிருந்து கப்பல் வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் சிலர் உண்டு. ஐரோப்பியத் துறைமுகங்களில் கப்பலேறச் செல்லும் அவர்களுக்கு ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தின் உடல் ஸ்கேனர் பழகிப்போன ஒன்று. அவர்களில் ஒருவரின் தங்கை, முதன்முறையாக வெளிநாடு செல்லவிருப்பவர், அண்மையில் என்னிடம் கேட்டார்: "அந்தக் கண்ணாடிக் கூண்டுல நின்னா துணியில்லாம தெரியுமாமேக்கா, அந்தப் படத்த என்ன பண்ணுவாங்க?" நியாயமான கேள்வி. 'சேமிக்க மாட்டார்கள்' என்ற ஒற்றை வரியில் அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது.

இன்று பரவலாக உள்ளவை மில்லிமீட்டர் அலை ஸ்கேனர்கள். எக்ஸ்ரேயைப் போல் உடலுக்குள் ஊடுருவாமல், துணியைக் கடந்து தோலில் பட்டுத் திரும்பும் அலைகள் இவை. திரும்பும் அலைகளைக் கொண்டு கணினி உடலின் மேற்பரப்பை உருவாக்குகிறது. தொடக்கத்தில் அந்த உருவத்தையே தனி அறையில் அமர்ந்து ஓர் ஊழியர் பார்த்தார். இப்போது பார்ப்பது மென்பொருள். சந்தேகத்துக்குரிய இடத்தை, எல்லோருக்கும் பொதுவான ஒரு பொம்மை உருவத்தின் மீது கட்டமிட்டுக் காட்டுகிறது. வாயிலில் நிற்கும் காவலர் காண்பது அந்தப் பொம்மையை மட்டுமே.

ஆனால், பொம்மையின் மீது கட்டமிட வேண்டுமானால் மெய்யான உடலின் தரவு சில நொடிகளேனும் கருவியின் நினைவகத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே 'படம் சேமிக்கப்படுவதில்லை' என்பதற்கு, உருவான தரவு உடனே அழிக்கப்படுகிறது என்பதே பொருள். அழிப்பதா, வைத்திருப்பதா என்பது கருவியின் இயல்பு அன்று. யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்த அமைப்பு.

இதை அமெரிக்க அனுபவம் காட்டியது. 2009 கிறிஸ்துமஸ் நாளில் டெட்ராய்ட் சென்ற விமானத்தில் உள்ளாடைக்குள் வெடிபொருள் மறைத்துவந்தவர் பிடிபட்ட பின், அங்கே ஸ்கேனர்கள் வேகமாகப் பெருகின. படங்களைச் சேமிக்கவோ அனுப்பவோ கருவியால் இயலாது என்று போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் உறுதியளித்தது. அந்தரங்க உரிமைக்கான அமைப்பு ஒன்று வழக்காடிப் பெற்ற ஆவணங்களோ, சோதனை நிலையில் படங்களைச் சேமிக்கவும் அனுப்பவும் வசதி இருக்க வேண்டும் என்று கொள்முதல் நிபந்தனையிலேயே கேட்கப்பட்டிருந்ததைக் காட்டின. விமான நிலையத்துக்கு வரும் முன் அவ்வசதி முடக்கப்படுகிறது என்பது நிர்வாகத்தின் விளக்கம். 2010இல் ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நீதிமன்றத்தில் வேறொரு துறை வைத்திருந்த ஸ்கேனரில் ஏறத்தாழ 35,000 படங்கள் சேர்ந்திருந்தது வெளியானது. அவற்றில் 100 படங்களைக் 'கிஸ்மோடோ' இணையதளம் வெளியிட்டது. மங்கலான படங்கள்தாம், ஆயினும் நின்றவர்களில் எவருக்கும் தம் படம் தங்கிவிட்டது தெரியாது.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த இடத்தைச் சட்டத்தால் அடைத்தது. படத்தைச் சேமிப்பது, நகலெடுப்பது, அச்சிடுவது, மீட்டெடுப்பது அனைத்தையும் 2011இல் விதியாகவே தடுத்தது. ஸ்கேனரை மறுத்து மாற்றுச் சோதனை கேட்கும் உரிமையும் பயணிக்கு உண்டு. எங்கள் தெரு மாலுமி அறியாமலேயே இந்தப் பாதுகாப்பின் கீழ்தான் கையைத் தூக்கி நிற்கிறார்.

இந்தியாவில்? சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் 2019 ஏப்ரலில் 84 விமான நிலையங்களில் ஓராண்டுக்குள் உடல் ஸ்கேனர் நிறுவ ஆணையிட்டது. கெடு பலமுறை நீண்டது. ஸ்கேனரே வேண்டாம் என்பது என் கட்சி அன்று. செயற்கைக் காலுடன் ஆடும் நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஒவ்வொரு முறையும் விமான நிலையத்தில் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று 2021 அக்டோபரில் காணொளியில் குமுறினார். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. சில வாரங்களில் உச்ச நீதிமன்றமும் செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்வது மனித மாண்புக்கு ஒவ்வாது என்றது. திரை மறைவில் அந்நியக் கை தடவிப் பார்ப்பதைவிட அலை தடவிப் போவது மேல் என்று நினைக்கும் பெண்கள் ஏராளம். நானும் அவர்களில் ஒருத்தி.

சிக்கல் கேள்வி கேட்கும் வழியில்தான். சோதனை நடத்தும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் விலக்குப் பெற்ற அமைப்பு. ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகள் தவிர மற்றவற்றுக்குப் பதில் தரக் கடமைப்பட்டதன்று. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மை. ஆனால் 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக எந்த அரசு அமைப்புக்கும் விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது.

ஸ்டான்லி மருத்துவமனையில் எடுக்கும் எக்ஸ்ரே படம் நம் கைக்கு வருகிறது. விமான நிலையத்தில் நம் கைக்கு எதுவும் வராது, வரவும் வேண்டாம். அழிக்கப்பட்டதா என்பதை வெளியார் ஒருவர் ஆய்ந்து சொன்னால் போதும். சேமிப்பு வசதி இல்லாத கருவியை மட்டுமே வாங்குவது என்பது விதியாக வேண்டும்; வாயிலில் தமிழிலும் அதை எழுதிவைக்க வேண்டும். பழுதாகி ஒதுக்கப்படும் கருவியின் வன்தட்டு யார் முன்னிலையில் உடைக்கப்படுகிறது என்பதும் அந்த விதியில் இருக்க வேண்டும். பழைய கணினிகள் கடைசியில் எந்தெந்தக் காயலான் கடைகளுக்கு வந்து சேர்கின்றன என்பதை வடசென்னைக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.