மத்தளம்பாறையில் முடிந்தது ரிஷிவந்தியத்தில் முடியாதா?

2019 நவம்பரில், நான்கு நாள் இடைவெளியில் தமிழ்நாட்டில் இரண்டு புதிய மாவட்டங்கள் பிறந்தன. 22-ம் தேதி தென்காசி, 26-ம் தேதி கள்ளக்குறிச்சி. ஒன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது, மற்றொன்று விழுப்புரத்திலிருந்து. ஒன்றுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை துணை, மற்றொன்றுக்குக் கல்வராயன் மலை. இரண்டிலும் விவசாயம்தான் முக்கியத் தொழில். படிப்பு முடிந்ததும் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுவதும் இரண்டிலும் வழக்கம்தான்.

அதே 2019-ல் அமெரிக்காவிலிருந்து ஒருவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு தென்காசி பக்கத்து மத்தளம்பாறைக்குக் குடிவந்தார். சென்னை ஐ.ஐ.டி-யில் படித்தவர், பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம் வாங்கியவர், பெரிய சாஃப்ட்வேர் நிறுவனம் ஒன்றின் தலைவர். வேட்டி கட்டிக்கொண்டு சைக்கிளில் போகும் அவருடைய படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும். ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்புதான் அவர்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ரிஷிவந்தியத்திலோ தியாகதுருகத்திலோ லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் பையனுக்கு ஆசை வருகிறது. “அவர் கிராமத்தில் இருந்துகொண்டு உலகத்துக்கே வியாபாரம் செய்கிறாரே, நானும் வீட்டிலிருந்தே செய்கிறேன்” என்கிறான். “மாதச் சம்பளம் வருமாடா?” என்று கேட்கிறார் அப்பா. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால் அவருடைய கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் தொழில், பிறகுதான் கிராமம்

உடன்பிறந்தவர்களோடும் டோனி தாமஸோடும் சேர்ந்து ஸ்ரீதர் வேம்பு தொடங்கிய நிறுவனத்தின் அன்றைய பெயர் அட்வென்ட்நெட். ஆண்டு 1996. நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் சாஃப்ட்வேர்தான் அவர்களின் சரக்கு. 2000-க்குப் பிறகு உலகம் முழுவதும் இணைய, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சரிந்தபோது, அவர்களிடம் வாங்கிக்கொண்டிருந்த பல வாடிக்கையாளர்களும் காணாமல் போனார்கள். அங்கேயே கடையை மூடாமல், அலுவலகங்களின் ஐ.டி. பிரிவுகளுக்கான மேனேஜ்எஞ்சின் பக்கம் திரும்பினார்கள். 2005-ல் ஸோஹோ என்ற பெயரில் இணையத்திலேயே எழுதும் வசதியைக் கொண்டுவந்தார்கள். 2009-ல் நிறுவனத்தின் பெயரே ஸோஹோ ஆனது. தென்காசியில் அலுவலகம் திறந்தது 2011-ல். அவர் அங்கே குடியேறியதோ, அதற்கும் எட்டு ஆண்டுகள் கழித்து.

கணக்குப் பாருங்கள். தொழில் தொடங்கி 23 ஆண்டுகள் ஆன பிறகுதான் அந்த சைக்கிள் படம். கிராமத்தில் உட்கார்ந்து அவர் தொழிலைக் கற்கவில்லை. கற்ற தொழிலைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தார். வீட்டிலிருந்தே தொடங்க நினைக்கும் பிள்ளைகள் இந்த வரிசையை மறந்துவிடக் கூடாது. இரண்டு மூன்று வருடம் வெளியூரில் வேலை பார்த்து, வாடிக்கையாளரிடம் பேசவும் பில் போடவும் திட்டு வாங்கவும் பழகிவிட்டு ஊர் திரும்புவது தோல்வி இல்லை. அதுவும் முதலீடுதான்.

அடுத்தவர் பணம் வேண்டாம்

இணையத் தொழில் என்றாலே முதலீட்டாளரைப் பிடிப்பது, பங்குச் சந்தைக்குப் போவது என்றுதான் பேச்சு இருக்கும். ஸோஹோ அந்தப் பாதையில் போகவில்லை. வெளி முதலீடு வாங்காமல், சம்பாதித்த லாபத்தையே திரும்பத் தொழிலில் போட்டு வளர்ந்தது. பங்குச் சந்தையில் பட்டியலிடவும் இல்லை. அடுத்தவர் பணம் உள்ளே வந்தால் அடுத்தவர் அவசரமும் கூடவே வரும் என்பது ஸ்ரீதர் வேம்பு பல மேடைகளில் சொல்லிவரும் கருத்தின் சாரம். கிராமத்தில் செலவு குறைவு, அதனால் ஒரு பொருளை உருவாக்கப் பொறுமையாகக் காத்திருக்க முடியும் என்பது அவருடைய இன்னொரு வாதம்.

அந்தப் பொறுமைக்கு ‘அரட்டை’ செயலி நல்ல உதாரணம். அது வெளிவந்தது 2021-ல். நான்கு ஆண்டுகள் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2025 செப்டம்பரில் திடீரென்று லட்சக்கணக்கானவர்கள் இறக்கினார்கள். கடன் வாங்கித் தொடங்கிய செயலியாக இருந்தால் இரண்டாம் ஆண்டே மூடியிருப்பார்கள்.

வேண்டாம் என்று சொல்வதும் தொழில்தான். சிப் தயாரிப்பில் இறங்கப்போவதாகப் பேசப்பட்ட ஸோஹோ, தொழில்நுட்பத்தில் முழு நம்பிக்கை வரவில்லை என்று 2025-ல் அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு ஜனவரியில் ஸ்ரீதர் வேம்பு தலைமைச் செயல் அதிகாரி பதவியை விட்டு, தலைமை விஞ்ஞானியாக ஆராய்ச்சிப் பக்கம் போனார்.

இதற்கு நேர் எதிரான பாதையும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ஸோஹோவில் வேலை பார்த்த திருச்சிக்காரர் கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல் ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கினார். முதலீட்டாளர்களின் பணத்தோடு வளர்ந்த அந்த நிறுவனம், ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. ஆகவே முதலீடு வாங்குவது தப்பில்லை. ஆனால் அந்தப் பணத்தைத் தருகிறவர்கள் நஷ்டத்தைத் தாங்கத் தெரிந்தவர்கள். அம்மாவின் நகையை அடகு வைத்து வரும் பணம் அந்த ரகம் இல்லை.

டிகிரி இல்லாமலும் வேலை

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், ஸோஹோ ஸ்கூல்ஸ். பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவர்களுக்குக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்து, இரண்டு ஆண்டு பயிற்சி தருகிறார்கள். கணிதம், ஆங்கிலம், புரோகிராமிங் எல்லாம் உண்டு. கல்லூரிப் பட்டம் இல்லாமலே இந்த வழியாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் பலர். மத்தளம்பாறையில் கொரோனா காலத்தில் சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரத் தொடங்கியது, கலைவாணி கல்வி மையம் என்ற இலவசப் பள்ளியாகவே வளர்ந்திருக்கிறது.

எல்லோருக்கும் சாஃப்ட்வேர்தான் வழி என்றும் இல்லை. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில், சமையல் தொழில் செய்த பெரியதம்பி தாத்தாவும் அவருடைய பேரன்களும் 2018-ல் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ தொடங்கினார்கள். 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டார்கள். அவர்கள் வைத்திருந்த மூலதனம் ஒரு கேமராவும் தாத்தாவின் கைப்பக்குவமும்தான்.

நம்ம ஊரில் என்ன சரக்கு?

கல்வராயன் மலையில் தேன், சாமை, புளி, கடுக்காய் இருக்கின்றன. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்து மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. இணையத்தில் விற்கத் தகுந்த பொருள்கள்தான். ஆனால் பொருள் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, கணக்கும் சரியாக வர வேண்டும்.

ஒரு கிலோ தேனை 600 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். கொள்முதல் 400. பாட்டில், லேபிள், அட்டைப்பெட்டி 50. கூரியர் 80. விற்பனைத் தளத்தின் கமிஷன் 60. கையில் நிற்பது பத்தே ரூபாய். வழியில் ஒரு பாட்டில் உடைந்து, வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பித் தந்தால், கமிஷன் போக 530 ரூபாய் போச்சு. அதை ஈடுகட்ட இன்னும் 53 பாட்டில் விற்க வேண்டும்! இந்தக் கணக்கை மனைவி, அப்பா, அம்மா எல்லோரும் பார்க்கும்படி ஒரு நோட்டில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். உங்கள் உழைப்புக்கும் ஒரு கூலி போட்டு எழுதுங்கள்.

உணவுப் பொருள் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு கட்டாயம். ஜி.எஸ்.டி. வரம்புக்குள் விற்பனை செய்யும் சிறு வியாபாரிகளுக்கு ஒரு சலுகை உண்டு. 2023 அக்டோபர் முதல் அவர்கள் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே, ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கிக்கொண்டு, ஆன்லைன் தளங்கள் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்கலாம். வெளிமாநிலத்துக்கு விற்க வேண்டுமானால் பதிவு தேவை.

இது தொழில் இல்லை, வலை

வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று போனுக்கு வரும் எல்லாமே ஆன்லைன் தொழில் ஆகாது. வீடியோவுக்கு லைக் போட்டால் தினமும் ஆயிரம் ரூபாய் என்பார்கள். முதல் இரண்டு நாள் 150, 200 என்று வரவும் செய்யும். மூன்றாம் நாள் “பெரிய டாஸ்க், முதலில் ஐயாயிரம் கட்டுங்கள்” என்பார்கள். கட்டினால் போனதுதான். வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் போடவே வேண்டியதில்லை. யாராவது போடச் சொன்னால் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கிறது.

ரம்மி, பெட்டிங் போன்ற பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் நிறைவேற்றிவிட்டது. அதை வருமானம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

வீட்டில் ஓர் ஒப்பந்தம்

ஸ்ரீதர் வேம்புவிடம் கற்க வேண்டியதில் அன்றாட வாழ்க்கையும் உண்டு. நடை, சைக்கிள், வயல், மண் என்று அவர் எழுதுவதில் பாதி சாஃப்ட்வேரைப் பற்றியதே இல்லை. நம்மில் பலருக்கோ ஆன்லைன் தொழில் என்றால் இரவு ஒரு மணி வரை போன், சாப்பாட்டுத் தட்டு பக்கத்திலும் போன். ஊரில் இருக்கிறோமே தவிர, ஊரோடு இருப்பதில்லை.

ஆகவே அப்பாவும் பிள்ளையும் ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள். எத்தனை மாதம் முயற்சி செய்வது, எவ்வளவு பணம் வரை போடலாம், அதற்குமேல் ஒரு ரூபாயும் கூடாது என்பதை முடிவு செய்யுங்கள். அந்த மாதங்களில் அப்பா தினமும் “என்ன ஆச்சு?” என்று கேட்கக் கூடாது. பிள்ளை மாதக் கடைசியில் வரவு செலவு நோட்டை மறைக்காமல் காட்ட வேண்டும். கெடு முடிந்த பிறகும் கணக்கு தேறவில்லை என்றால், சென்னை பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தேறிவிட்டால், பிள்ளையைப் பார்க்க தீபாவளி வரை அம்மா காத்திருக்க வேண்டியதில்லை.