எட்டு மணி பஸ் எங்கே போச்சு?

குட்டீஸ்... உங்கள் ஊருக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு வரும்? ராத்திரி கடைசி பஸ் எப்போது போகும்? பட்டென்று பதில் சொல்லிவிட்டால் நீங்கள் கெட்டிக்காரர்தான்! தெரியாவிட்டால் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். கடிகாரத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிடுவார்.

இப்போது ஒரு சின்னக் கற்பனை. நீங்கள் நாகரசம்பட்டி பஸ் நிறுத்தத்தில் நிற்கிறீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போச்சம்பள்ளி பக்கம் இருக்கிற ஊர் அது. முதுகில் புத்தகப் பை, கையில் சாப்பாட்டுக் கூடை. மணி எட்டு.

உங்களோடு நான்கு பேர் நிற்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போக மாத்திரைச் சீட்டோடு ஒரு பாட்டி. பூக்கூடையோடு ஒரு அக்கா. தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிற ஒரு அண்ணன். கல்லூரிக்குப் போகிற இன்னொரு அக்கா.

எட்டேகால் ஆகிறது. எட்டரையும் ஆகிறது. பஸ்ஸைக் காணோம்! டீக்கடையில் யாரோ சொல்கிறார்கள்: "இன்னிக்கு டிரிப் கட்டாம்பா!"

அடுத்து என்ன நடக்கும்? அண்ணன் நண்பருக்குப் போன் செய்து பைக்கில் ஏறிப் போய்விடுகிறார். பூக்கார அக்கா ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுக்கிறார். இன்றைய லாபத்தில் பாதி அதற்கே சரி. கல்லூரி அக்கா முதல் வகுப்பை விட்டுவிடுகிறார். பாட்டி, "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார். மாத்திரை நேற்றோடு தீர்ந்துபோனது.

மிச்சம் நிற்பது யார்? நீங்கள்தான்!

இது கற்பனைதான். ஆனால், தமிழ்நாட்டில் பல ஊர்களில் இப்படித்தான் நடக்கிறது. ஒரு பஸ் நின்றால் ஊரில் என்னென்ன மாறும்? அது ஏன் நிற்கிறது? நின்ற பஸ் திரும்பி வருமா? வாருங்கள், பார்ப்போம்.

ராத்திரி தூங்கும் பஸ்!

சில கிராமங்களுக்கு ராத்திரி வரும் கடைசி பஸ் திரும்பிப் போகாது. அங்கேயே நின்றுவிடும். டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்துக்கொள்வார்கள். பொழுது விடிவதற்குள் அதே பஸ், முதல் பஸ்ஸாகக் கிளம்பும். இதற்கு 'நைட் ஹால்ட்' என்று பெயர்.

பால் கேன், காய்கறி மூட்டை, சந்தைக்குப் போகும் கோழி, கூலி வேலைக்குப் போகிறவர்கள் என்று எல்லாம் அந்த முதல் பஸ்ஸில்தான் போகும். போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற வாரச்சந்தை ரொம்பப் பெரியது. சுற்று வட்டாரத்தில் விளைந்ததெல்லாம் அங்கே வந்து சேரும். சந்தைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தால்தான் நல்ல இடமும் கிடைக்கும், நல்ல விலையும் கிடைக்கும். முதல் பஸ் இல்லையென்றால்? விற்கிறவருக்கும் நஷ்டம், வாங்குகிறவருக்கும் நஷ்டம்.

தாத்தா, பாட்டியிடம் 'அன்னை சத்யா பஸ்' என்று கேட்டுப் பாருங்கள். முகம் மலரும்! 1987-ல் தர்மபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய போக்குவரத்துக் கழகம் அது. கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் அப்போது தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தன. 1997-ல் கழகங்களுக்கு இருந்த தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு, பெரும்பாலானவற்றுக்கு 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்று ஒரே பெயர் வைத்தார்கள். இப்போது இந்தப் பகுதி சேலம் கழகத்தின் கீழ், தர்மபுரி மண்டலத்தில் இருக்கிறது.

டிரிப் ஏன் கட் ஆகிறது?

பஸ் நின்றவுடன் எல்லோரும் டிரைவரையும் கண்டக்டரையும்தான் திட்டுவார்கள். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? காரணங்கள் நிறைய.

பஸ் பழசாகி, பணிமனையில் பழுது பார்க்க நிற்கலாம். டிரைவர், கண்டக்டர் ஆள் பற்றாக்குறையாக இருக்கலாம். திருவிழா, முகூர்த்த நாள் என்றால் கிராமத்து பஸ்ஸை எடுத்துக் கூட்டம் உள்ள தடத்தில் ஓட்டிவிடலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், 'கலெக்‌ஷன் இல்லை' என்பதுதான்.

ஒரு கணக்குப் போடலாமா? ஒரு லிட்டர் டீசலில் பஸ் சுமார் 5 கிலோமீட்டர் ஓடும். உங்கள் ஊரிலிருந்து டவுனுக்கு 20 கிலோமீட்டர் என்றால் 4 லிட்டர் வேண்டும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 360 ரூபாய். பஸ்ஸில் 10 ரூபாய் டிக்கெட் எடுத்தவர்கள் 12 பேர்தான் என்றால் வருமானம் 120 ரூபாய். டீசலுக்கே பற்றவில்லை. டயர், சம்பளம் எல்லாம் தனி!

"எங்கள் பள்ளிக்கூட பாஸ் இலவசம்தானே? அம்மாவுக்கும் டிக்கெட் இல்லையே? அதனால்தான் நஷ்டமா?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. உங்கள் பாஸுக்கும், 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் செய்யும் இலவசப் பயணத்துக்கும் அரசு தன் கஜானாவிலிருந்து கழகத்துக்குப் பணம் தருகிறது. ஆகவே, 'ஓசிப் பயணம்' என்று யாராவது சொன்னால் தலை குனியாதீர்கள். அது எல்லோருடைய வரிப் பணம். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போல பஸ்ஸும் ஒரு பொதுச் சேவை.

வாலைப் பிடிக்கும் பாம்பு

அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. கண்டுபிடியுங்கள் பார்ப்போம்!

ராத்திரி எட்டரை மணி பஸ்ஸில் ஐந்தாறு பேர்தான் வருகிறார்கள். 'கூட்டமில்லை' என்று அதை நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் என்ன ஆகும்? அந்த ஐந்தாறு பேரும் காலை பஸ்ஸிலும் வரமாட்டார்கள்! திரும்பி வர வண்டி இல்லாமல் யார் போவார்கள்? கடன் வாங்கியாவது ஒரு பைக் வாங்கிவிடுவார்கள். இப்போது காலை பஸ்ஸிலும் கூட்டம் குறையும். 'இதிலும் கலெக்‌ஷன் இல்லை' என்று அதையும் நிறுத்துவார்கள்.

ஆள் குறைவதால் பஸ் நிற்கிறது. பஸ் நிற்பதால் ஆள் குறைகிறது. தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு மாதிரி!

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் சர்சர்ரென்று போகின்றன. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது நல்லதுதான். ஆனால், அவை உங்களுக்காக நிற்காது. டிக்கெட் எடுத்துப் போனவர்கள் கம்பெனி பஸ்ஸுக்கும் பைக்குக்கும் மாறிவிட்டால், ஊர் பஸ்ஸில் மிச்சம் இருப்பது பைக் ஓட்ட முடியாதவர்கள்தான். அதாவது பாட்டிகள், உடம்பு முடியாதவர்கள், நீங்கள்.

"நான் ஓட்டுவேனே!" என்கிறீர்களா? கூடவே கூடாது! 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும், 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. படிக்கட்டில் தொங்குவதும் அப்படித்தான். ஒரு டிரிப் கட் ஆனால், இரண்டு பஸ் கூட்டம் ஒரே பஸ்ஸில் ஏறும். ஏற இடமில்லாமல் தொங்கித் தவறி விழுந்த மாணவர்களைப் பற்றிய செய்திகளை நாமெல்லாம் படித்திருக்கிறோமே! அடுத்த பஸ் வரும். கால் போனால் வராது.

எல்லையில் நடந்தவர்கள்

பஸ்ஸின் அருமை பஸ் நின்றால்தான் தெரியும். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையால் பெங்களூரில் கலவரம் வெடித்தது. தமிழ்நாடு, கர்நாடகம் இடையே பஸ்கள் நின்றுபோயின. ஓசூரிலிருந்து வருகிறவர்கள் எல்லையில் ஜூஜூவாடியில் இறங்கி, மூட்டை முடிச்சோடும் குழந்தைகளோடும் நடந்தே அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்குப் போய், அங்கே கர்நாடக பஸ்ஸைப் பிடித்தார்கள். சாலை அதேதான், தூரமும் அதேதான். பஸ் மட்டும் இல்லை. அவ்வளவுதான், பக்கத்து ஊர் தூர தேசம் ஆகிவிட்டது!

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது நாடு முழுவதும் பஸ்கள் நின்றன. பிறகு ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. ஆனால், எல்லா ஊர்களுக்கும் பழைய பஸ் உடனே திரும்பி வரவில்லை.

இங்கிலாந்து செய்த தப்பு

வாலைப் பிடிக்கும் பாம்பு நம் ஊரில் மட்டும் இல்லை. இங்கிலாந்தையே ஒரு முறை சுற்றியது! 1963-ல் ரிச்சர்ட் பீச்சிங் என்பவர் அந்த நாட்டு ரயில்வேயின் நஷ்டத்தைக் குறைக்க ஓர் அறிக்கை கொடுத்தார். கூட்டமில்லாத 2,000-க்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களை மூடச் சொன்னார். பெரும்பாலானவற்றை மூடியும் விட்டார்கள்.

சின்ன ஊர்க்காரர்கள் பெரிய ஸ்டேஷன் வரை வேறு வண்டியில் வந்து ரயில் ஏறுவார்கள் என்று நினைத்தார்கள். நடந்தது வேறு. காரில் ஏறியவர்கள் அப்படியே காரிலேயே போய்விட்டார்கள்! எதிர்பார்த்த அளவு பணம் மிச்சமாகவில்லை.

காவேரிப்பட்டணம் வழியாகத் தென்பெண்ணை ஓடுகிறதே, அதைப் பார்த்திருக்கிறீர்களா? சின்னச் சின்ன ஓடைகளில் தண்ணீர் குறைவுதான். அதற்காக எல்லா ஓடைகளையும் அடைத்துவிட்டால் ஆற்றில் தண்ணீர் எங்கிருந்து வரும்? கிராமத்துத் தடங்களும் அந்த ஓடைகள் மாதிரிதான்.

ஸ்காட்லாந்தில் 1969-ல் மூடிய ஒரு ரயில் பாதையின் ஒரு பகுதியை 2015-ல் மறுபடி போட்டுத் திறந்தார்கள். 46 வருடம் கழித்து! மூடுவது ஒரு நாள் வேலை; திறப்பது ஒரு தலைமுறை வேலை.

ஒரு கடிதம், ஒரு பஸ்

சரி, நின்ற பஸ் திரும்பி வரவே வராதா? வரும்! தெலங்கானாவில் ரங்காரெட்டி மாவட்டத்தில் ஒரு கிராமம். கொரோனாவில் நின்ற பஸ், பள்ளிக்கூடம் திறந்த பிறகும் வரவில்லை. தினமும் ஆட்டோவுக்குப் பணம் கொடுத்து மாளவில்லை. அந்த ஊர்ப் பள்ளி மாணவி ஒருத்தி என்ன செய்தாள் தெரியுமா? அப்போது உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த என்.வி.ரமணாவுக்கே கடிதம் எழுதிவிட்டாள்! அவர் அதைத் தெலங்கானா போக்குவரத்துக் கழகத்தின் கவனத்துக்குக் கொண்டு போனார். 2021 நவம்பரில் அந்த ஊருக்கு மறுபடி பஸ் வந்தது!

தமிழ்நாட்டிலும் பஸ் போகாத ஊர்களுக்காக 1997-ல் மினி பஸ் திட்டம் வந்தது. 2025 ஜூனில் புதிய மினி பஸ் திட்டம் தஞ்சாவூரில் தொடங்கியது. தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். அதில் 65 சதவீதமாவது பஸ் வசதி இல்லாத வழியாக இருக்க வேண்டும். குறுகலான தெரு, சின்ன ஊர், கொஞ்சம் பேர் என்றால் சின்ன பஸ்! நல்ல யோசனைதானே?

நீங்களும் செய்யலாம்!

'பஸ் ஒழுங்காக வருவதில்லை' என்று சும்மா சொன்னால் யாரும் அசையமாட்டார்கள். கணக்கோடு சொன்னால் காது கொடுப்பார்கள். ஒரு பழைய நோட்டை எடுங்கள். இரண்டு வாரம் தினமும் இதை எழுதுங்கள்:

1. தடம் எண், வர வேண்டிய நேரம்.
2. வந்த நேரம், வராவிட்டால் 'வரவில்லை'.
3. ஏறியவர்கள் எத்தனை பேர்? அதில் மாணவர்கள் எத்தனை பேர்?
4. இடமில்லாமல் ஏற முடியாதவர்கள் எத்தனை பேர்?

நான்காவது கேள்வியை மறக்காதீர்கள். கண்டக்டரின் டிக்கெட் மெஷினில் ஏறியவர்களின் கணக்குத்தான் இருக்கும். ஏற முடியாமல் நின்றவர்களின் கணக்கு உங்கள் நோட்டில் மட்டும்தான் இருக்கும்!

பிறகு ஆசிரியர், பெற்றோர் உதவியோடு பணிமனையின் கிளை மேலாளருக்கு ஒரு மனு எழுதுங்கள். கோபமாக வேண்டாம், பணிவாக எழுதுங்கள். நோட்டின் நகலையும் சேர்த்துவிடுங்கள். பதில் வரவில்லையா? திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும். உங்கள் ஊர் ஊராட்சி என்றால் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும். பெரியவர்களை அங்கே பேசச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பஸ் வருகிற நாளில் அதில் ஏறுங்கள்! டவுனுக்குப் போகும்போது, "அப்பா, இன்னிக்கு பஸ்ஸிலேயே போகலாமே" என்று கேட்டுப் பாருங்கள். அப்பா எடுக்கும் ஒரு டிக்கெட்டும் அந்த பஸ்ஸுக்கு ஓர் ஓட்டு மாதிரிதான்.

மறுபடி நாகரசம்பட்டி நிறுத்தத்துக்கு வருவோமா? அந்தப் பாட்டி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நினைவிருக்கிறதா? அவர் மனு எழுதமாட்டார். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று மட்டும்தான் சொல்வார். அவருக்கும் சேர்த்து எழுத வேண்டியவர் நீங்கள்தான்.

என்ன குட்டீஸ், நோட்டு தயாரா? நாளைக் காலை எட்டு மணிக்குத் தொடங்கிவிடுங்கள்!