எட்டு மணி நேரம் படுத்தால் போதுமா?

சோமனூர், கருமத்தம்பட்டி வட்டாரத்தில் ஊர் அடங்கிய பிறகும் தறிச் சத்தம் அடங்காது. கூலிக்குக் காடா துணி நெய்யும் விசைத்தறிகளில் பல, வீட்டை ஒட்டிய தறிக்குடோன்களில்தான் ஓடுகின்றன. அப்பாவுக்கு நைட் ஷிப்ட், அம்மாவுக்குப் பகலில் வேலை, பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு என்றிருக்கும் வீட்டில் யாருக்கும் முழுத் தூக்கம் கிடைப்பது அரிது. படுத்து எழுந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்து, ‘எட்டு மணி நேரம் ஆச்சே’ என்று சமாதானப்படுகிறோம். கோளாறு அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹீதர் ஸ்கோஃபீல்டு உள்ளிட்ட பொருளியலாளர்கள் சென்னையில் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்தே காட்டியது. குறைந்த வருமானம் உள்ள 452 பேரின் மணிக்கட்டில் கருவி கட்டிப் பார்த்தார்கள். எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தவர்கள் உண்மையில் தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரம்தான். வெக்கை, கொசு, சத்தம் எல்லாம் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கின. மின்விசிறி, மெத்தை, காதடைப்பான் எல்லாம் கொடுத்ததில் இரவில் 27 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். ஆனாலும் வேலைத்திறன் கூடவில்லை. பலன் தந்தது, வேலையிடத்திலேயே மதியம் அரை மணி நேரம் போட்ட தூக்கம். கவனமும் மனநிலையும் மேம்பட்டன; அதே நேரம் தூங்காமல் ஓய்வு மட்டும் எடுத்தவர்களைவிட இவர்கள் வேலையையும் நன்றாகச் செய்தார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்த அரை மணியிலும் வேலை பார்த்தவர்களின் மொத்தச் சம்பாத்தியம், தூங்கியவர்களுடையதைவிட அதிகமாகவே இருந்தது. மீட்டர் கணக்கில் கூலி வாங்குபவர் ஏன் கண்ணயரத் தயங்குகிறார் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

இரவு வேலை முடித்துப் பகலில் தூங்கி ஈடுகட்டலாம் என்றால், உடல் எளிதில் ஒத்துழைப்பதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரன், வெளிச்சமும் கடிகாரமும் எட்டாத அறையில் மனிதர்களைத் தங்கவைத்து ஆராய்ந்தார். நேரம் தெரியாவிட்டாலும் உடல் தானே ஒரு நாளை வகுத்துக்கொண்டு தூங்கி விழித்தது. அந்த உள் கடிகாரம் செல்லுக்குள் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. விடிந்து வெளிச்சம் பட்டதும் உடல் விழிப்புக்குத் தயாராகிவிடும்; அதனால் பகல் தூக்கம் குறுகும், ஆழமும் குறையும். உடலின் இந்த ஒழுங்கைக் குலைக்கும் இரவு ஷிப்ட் வேலையைப் புற்றுநோய்க்கு வாய்ப்புள்ள காரணிகளின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2007-இலேயே சேர்த்துவிட்டது.

உடனடி ஆபத்து சாலையில் இருக்கிறது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்குச் சரிகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நம் சட்டம் வண்டி ஓட்ட அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம்தான். பகலில் சரியாகத் தூங்காமல் இரவு முழுக்கத் தறி ஓட்டிவிட்டு, விடிகாலையில் அவிநாசி சாலையில் பைக்கில் திரும்புபவரை நினைத்துப் பாருங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் நாம் செய்யும் தவறு வேறு. பரீட்சை வந்தால் நாலு மணிக்கே எழுப்பிவிடுகிறோம். படித்தது மனதில் பதிவது படிக்கும்போது மட்டும் நடப்பதில்லை. மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி பகலில் வாங்கியதை, ஆழ்ந்த தூக்கத்தில் மீண்டும் ஓட்டிப் பார்த்து நிலைப்படுத்துகிறது. மனப்பாடம் செய்துவிட்டுத் தூங்கியவர்கள், விழித்திருந்தவர்களைவிடக் குறைவாகவே மறந்தார்கள் என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1924-லேயே கண்டார்கள். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் தேவை. பதினொன்றுக்குப் படுத்த பிள்ளையை நாலுக்கு எழுப்பினால், முந்தைய நாள் படிப்பில் ஒரு பங்கை நாமே பறிக்கிறோம்.

தறி உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஷிப்டின் நடுவே அரை மணி நேரத் தூக்கத்துக்கு இடமும், அந்த நேரத்துக்குக் கூலியும் கொடுங்கள். பெற்றோருக்கும் ஒன்று: தேர்வுக்கு முந்தைய இரவு பத்து மணிக்குப் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள்.