பனிக்காலத் தேனிலவு

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை இளந்தம்பதியர் ஐரோப்பியப் பனிக்காலப் பயணத்திற்குத் திட்டமிடுங்கால், நகரங்களைத் தேர்ந்து கொடுப்போர் பெரும்பாலும் உறவினரே. பாரிஸ் லாச்சப்பலில் சித்தப்பா, சூரிச்சில் மாமி, ஜெர்மனியிலோ, 2002இல் குடமுழுக்குக் கண்ட ஹம் காமாட்சி அம்பாள் ஆலயம். 1983க்குப்பின் சிதறிய குடும்பங்கள் வரைந்த வரைபடம் இது! வெனிஸ் அதில் இல்லை.

கொழும்பில் ஆண்டு முழுதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். டிசம்பர் இறுதியில் பாரிசிலோ 8 மணி 15 நிமிடமே. அதனையும் விருந்துகள் விழுங்கிவிட்டால், இருவரும் கைகோத்து நடப்பது எப்போது?

"வெனிசுக்கு மூன்று நாள் ஒதுக்கு, பிள்ளை" என்றேன், அண்மையில் மணமுடித்த என் மாணவியிடம்.

"மாமி கவலைப்படுவா, சேர். சண்டைக்காலத்திலை எங்கட அடுப்பு எரிஞ்சது அவவின்ட காசிலைதான்."

சூரிச்சுக்கு ஐந்து நாள், வெனிசுக்கு ஓர் இரவு என்று குறித்துக்கொண்டோம்.