குடல் உள்மடிப்பு: மண்புழு, மட்டி, லாம்ப்ரே ஆகியவற்றில் ஒரு பெயரும் மூன்று உறுப்புகளும்

ஆய்வுச்சுருக்கம்

உணவுப்பாதையின் சுவர் உட்புறமாக நீளவாக்கில் மடிந்து நிற்கும் அமைப்பு டிஃப்லோசோல் எனப்படுகிறது. வளைதசைப் புழுக்கள், மெல்லுடலிகள், தாடையற்ற மீன்கள் ஆகிய மூன்று பிரிவுகளிலும் இப்பெயர் வழங்குகிறது. இம்மடிப்புகள் உருவத்தால் ஒத்திருப்பினும் உள்ளடக்கத்தாலும் பணியாலும் வேறுபடுவதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: டிஃப்லோசோல், குடல் மடிப்பு, மண்புழு, இருவோட்டு மெல்லுடலிகள், லாம்ப்ரே, கலைச்சொல்.

முன்னுரை

ஒரு விலங்கின் உடல் எல்லாத் திசைகளிலும் இருமடங்கானால் அதன் பரப்பு 4 மடங்காகவும் கனஅளவு 8 மடங்காகவும் பெருகும். உணவை உறிஞ்சுவது குடலின் பரப்பு. அவ்வுணவைப் பயன்படுத்துவது உடலின் கனஅளவு. இவ்விடைவெளியை ஈடுசெய்யக் குடல் நீளலாம், பக்கப்பைகளைத் தோற்றுவிக்கலாம், அல்லது தன் சுவரை உள்நோக்கி மடிக்கலாம். டிஃப்லோசோலின் பணியைப் பாடநூல்கள் பெரும்பாலும் மூன்றாம் வழியாகவே விளக்குகின்றன. இவ்விளக்கம் எல்லா விலங்குகளுக்கும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

மண்புழுவின் மடிப்பு

லும்பிரிகஸ் டெரஸ்ட்ரிஸ் என்னும் மண்புழுவில் குடலின் முதுகுப்புறச் சுவர் நடுக்கோட்டில் உள்மடிந்து, குடலின் பெரும்பகுதி நீளத்திற்கும் செல்கிறது. இந்திய இனமான மெட்டாஃபைர் போஸ்துமாவில் குடல் 15ஆம் கண்டத்தில் தொடங்கினாலும், மடிப்பு ஏறத்தாழ 26ஆம் கண்டத்திற்குப் பின்னரே காணப்படுகிறது. லும்பிரிகஸில் உள்ள அளவு வளர்ச்சியும் அதற்கு இல்லை. தமிழகப் பாடநூல்களில் இடம்பெறும் லாம்பிட்டோ மாரிட்டியிலும் இம்மடிப்பு உண்டு.

இங்கு உறிஞ்சும் பரப்பு மிகுவது உண்மையே. ஆயினும் லும்பிரிகஸில் மடிப்பின் உட்புறத்தைக் குளோரகோஜன் செல்கள் நிரப்பியுள்ளன. அவை கிளைக்கோஜனையும் கொழுப்பையும் சேமிப்பதுடன் நைட்ரஜன் கழிவாக்கத்திலும் பங்கேற்கின்றன. எனவே உறிஞ்சும் இடமும் சேமிக்கும் இடமும் அருகருகே அமைகின்றன. அதே தொகுதியைச் சேர்ந்த கால்நடை அட்டையில் இத்தகைய மடிப்பு இல்லை. தீனிப்பையின் 10 இணைப் பக்கப்பைகள் உறிஞ்சிய இரத்தத்தைத் தேக்கி வைக்கின்றன.

மட்டியின் மடிப்பு

இருவோட்டு மெல்லுடலிகளில் பெரிய டிஃப்லோசோல் இரைப்பையிலிருந்து குடலை நோக்கிச் செல்லும், குறுயிழைகள் செறிந்த ஒரு வரம்பாகும். பல இனங்களில் இதனுடன் சிறிய டிஃப்லோசோலும் சேர்ந்து, படிகத்தண்டு சுழலும் பையை நடுக்குடலிலிருந்து பிரிக்கிறது. தண்டின் முனை இரைப்பைக் கேடயத்தில் உராய்ந்து தேய்கையில் செரிமான நொதிகள் வெளிப்படுகின்றன. பெரிய மடிப்பை ஒட்டிய பள்ளம், ஏற்கப்படாத துகள்களைக் குடலுக்குக் கடத்துகிறது. ஆகவே இம்மடிப்பின் முதன்மைப் பணி உறிஞ்சுதல் அன்று. துகள்களைப் பிரித்து வழிப்படுத்துதலே ஆகும். இம்மடிப்பின் போக்கு மட்டிகளின் இரைப்பை வகைப்பாட்டிலும் பயன்பட்டுள்ளது. பர்ச்சன் அவ்விரைப்பைகளை 5 வகைகளாகப் பகுத்தார்.

லாம்ப்ரேயின் மடிப்பு

லாம்ப்ரேக்கு இரைப்பை இல்லை. அதன் குடலினுள் ஒரு மடிப்பு மெல்லத் திருகிச் செல்கிறது. அம்மோசீட் எனப்படும் இளவுயிரியில் இம்மடிப்பு இரத்தச் செல்களை உருவாக்கும் திசுவைக் கொண்டுள்ளது. உருமாற்றத்தின்போது அப்பணி நரம்புத்தண்டின் மேலுள்ள கொழுப்புத்திசுவிற்கு இடம்பெயர்கிறது. குடல் மடிப்பு இங்கே குருதியாக்க உறுப்பாகவும் விளங்குவது குறிப்பிடத்தக்கது. மற்றொரு தாடையற்ற மீனான ஹேக் மீனில் திருகு மடிப்பு இல்லை. நீளவாக்கிலான பல வரம்புகளே உள்ளன.

ஒப்பீடு

அட்டையிலும் ஹேக் மீனிலும் இம்மடிப்பு காணப்படாமை, ஒரே தொகுதிக்குள்ளும் இது நிலையான பண்பன்று என்பதைக் காட்டுகிறது. எனவே மூன்று பிரிவுகளின் மடிப்புகளையும் பொது மூதாதையிடமிருந்து பெற்ற அமைப்பொத்த உறுப்புகளாகக் கொள்ளப் பெயரொற்றுமை போதிய சான்றன்று. பணி வேறுபடுவதால் அவற்றைச் செயலொத்த உறுப்புகள் என்பதும் முழுமையாகப் பொருந்தாது. உணவுப்பாதையின் சுவர் உள்நோக்கி நீண்டிருத்தல் என்னும் உருவ ஒற்றுமையே எஞ்சுகிறது.

முடிவுரை

கிரேக்கத்தில் 'குருடு', 'குழாய்' எனப் பொருள்படும் சொற்களிலிருந்து பிறந்த டிஃப்லோசோல் என்னும் பெயர் வடிவத்தை மட்டுமே சுட்டுகிறது. 'உறிஞ்சுபரப்பை மிகுவிக்கும் மடிப்பு' என அதனைப் பொதுவாக வரையறுத்தால் மட்டியின் பிரிப்புப் பணியும் லாம்ப்ரே இளவுயிரியின் குருதியாக்கமும் மறைந்துபோகும். 'குடல் உள்மடிப்பு' என்பதை வடிவப் பெயராக நிறுத்தி, விலங்கு, இடம், உள்ளடங்கிய திசு ஆகிய மூன்றையும் உடன் குறிப்பிடுவதே தமிழில் எழுதப்படும் விலங்கியல் நூல்களுக்குப் பொருத்தமான முறையாகும்.