கோப்பி இலைத்துரு நோயும் காலநிலை மாற்றமும்

1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதிக் கோப்பித் தோட்டங்களில் முதன்முதல் அறியப்பட்ட இலைத்துரு நோய், சில பத்தாண்டுகளுள் இலங்கையின் கோப்பிப் பயிர்ச்செய்கையை ஏறக்குறைய அழித்துவிட்டமை நாமறிந்த வரலாறாகும். அதே நோய் 2012 இல் மத்திய அமெரிக்க மலைத் தோட்டங்களிற் பெருமளவிற் பரவியபோது, புவி வெப்பமடைதலே அதற்குக் காரணமெனப் பலரும் கூறினர். இக்கூற்று எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஈண்டு நோக்குவாம்.

இந்நோயை விளைவிக்கும் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனும் பங்கசின் வித்திகள், இலையின் மேல் நீர் பல மணி நேரம் தங்கியிருந்தாலன்றி முளைப்பதில்லை. முளைத்தவை இலையின் கீழ்ப்புறத்திலுள்ள இலைவாய்களினூடாக உட்புகுகின்றன. உட்புகுந்த பங்கசு புதிய வித்திகளை வெளிவிட எடுக்கும் காலத்தை வெப்பநிலையே பெரிதும் நிர்ணயிக்கின்றது. குளிர் அதனைத் தாமதப்படுத்தும், மிகுவெப்பமும் அவ்வாறே. எனவேதான் மத்திய அமெரிக்காவில் 1970களிலேயே நோய் புகுந்திருந்தும், 1000 மீற்றருக்கு மேற்பட்ட தோட்டங்களில் அது பெருங்கேடு விளைக்கவில்லை. மலைக்குளிரே காவலென உழவர் நம்பியிருந்தனர்.

அவெலினோவும் அவர்தம் சக ஆய்வாளரும் 2015 இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்துக் கருதத்தக்கது. குவாத்தமாலாவின் 1224 தோட்டங்களில், முந்தைய காலநிலையோடு ஒப்பிடுகையில், 2012 இன் இழிவு வெப்பநிலை 0.9 பாகை செல்சியசு உயர்ந்தும், உயர்வு வெப்பநிலை 1.2 பாகை குறைந்தும் இருந்தன. பகல் குளிர்ந்தது என்பதை வாசகர் கவனிப்பாராக! ஆண்டுச் சராசரியை மட்டும் நோக்குவோர்க்கு இம்மாற்றம் புலப்படாது. இரவுக் குளிரும் பகல் வெப்பமும் ஒருங்கே தணிந்தமையால் பங்கசின் வாழ்க்கை வட்டம் சுருங்கியிருக்கலாம் என்பதே அவர்தம் கருத்து.

ஆயினும் வானிலை மட்டுமே காரணமன்று. கோப்பியின் விலை வீழ்ந்தமையால், உழவர் பசளையையும் பங்கசுகொல்லியையும் குறைத்திருந்தனர். மேலும், கொலம்பியாவின் 1990-2015 காலநிலைத் தரவுகளை ஆராய்ந்த பெபர் முதலியோர், தொற்றுக்கேற்ற நிலைமைகள் தொடர்ந்து பெருகியமைக்கு வலுவான சான்று காணவில்லை என 2016 இல் எழுதினர். ஓராண்டின் வானிலையைக் காலநிலை மாற்றமெனக் கொள்ளுதல் பொருந்தாது என்றே நாமும் கருதுகின்றோம். எனினும் இரவுகள் தொடர்ந்து வெம்மையுறுமாயின் மலைக்குளிரை நம்புதல் இயலாது.

இலையுதிர்வினால் மறு ஆண்டு விளைச்சலும் குன்றும். 2013 இல் மத்திய அமெரிக்க உற்பத்தி 16 வீதம் வீழ்ந்தபோது அறுவடைக் கூலியை நம்பியிருந்தோர் வேலையிழந்தனர். கோப்பி வீழ்ந்த காலத்து நம் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளரும் இதனையே கண்டனர்.