தங்கவயல் அனுப்பிய உறுப்பினர்

கருநாடகத்துக் கோலார் தங்கவயலில் கடைவீதியில் நடப்போர் காதில் இன்றும் தமிழ் விழும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குச் சுரங்கப் பணியை மேற்கொண்ட பின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களின் ஏழை மக்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்டோர், குடும்பம் குடும்பமாய்ச் சென்று லயன் வீடுகளில் குடியேறினர். 3 கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பொன் எடுத்தவர்கள் அவர்கள். வாக்குரிமை வந்தபோது தம் மொழி பேசுவோரையே பலமுறை சட்டமன்றத்துக்கு அனுப்பினர்.

அவ்வாறு சென்றவருள் ஒருவர் எம். பக்தவத்சலம். (சென்னை முதலமைச்சராயிருந்த பெரியவரின் பெயரும் இதுவே, அவர் வேறு, இவர் வேறு.) தனித் தொகுதியான தங்கவயலில் 1983-இல் அ.இ.அ.தி.மு.க. சார்பில் வென்று, அம்மன்றத்தில் அக்கட்சியின் ஒரே உறுப்பினராய் அமர்ந்தார். 1985-இல் தொகுதி மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போயிற்று. 1989-இல் மீண்டும் வென்றார். 1994-இல் இந்தியக் குடியரசுக் கட்சியின் எஸ். ராஜேந்திரன் வந்தார், 1999-இல் மறுபடியும் பக்தவத்சலம். தங்கவயல் மக்கள் எவருக்கும் சாசனம் எழுதிக் கொடுத்தவரல்லர்!

ஏனைய ஊர்களில் உறுப்பினரிடம் வீடு, குடிநீர், மருத்துவமனை கேட்பர். சுரங்கப் பகுதியிலோ இவை பலவும் நிறுவனத்தின் கையில் இருந்தன. அந்நிறுவனத்தை 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் ஏற்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தோன்றியது. உறுப்பினர் பேசுமிடம் பெங்களூர்; சுரங்கத்தின் உயிர் இருந்த இடமோ டில்லி. இவ்விடைவெளியை நாம் நினையாது அவரது பணியை எடைபோடுதல் முறையன்று.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அப்போது தங்கவயலின் உறுப்பினர் பக்தவத்சலமே. மூடும் அதிகாரமும் அவரிடம் இல்லை, திறக்கும் அதிகாரமும் இல்லை. எனினும் வேலையிழந்தோர் வாயிலில் நின்று வாக்குக் கேட்க வேண்டியவர்கள் உள்ளூர்த் தலைவர்களேயன்றி டில்லி அதிகாரிகள் அல்லரே! 2004-இல் தொகுதி ராஜேந்திரனுக்குத் திரும்பியது. 2008 முதல் பாரதிய ஜனதாவும் காங்கிரசுமே அங்கு வென்று வருகின்றன.

சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் பலர் விடியுமுன் ரயிலேறி, சுமார் 100 கிலோ மீட்டர் கடந்து, பெங்களூரில் வேலை பார்த்து, இரவில் லயன் வீடுகளுக்குத் திரும்புகின்றனர்.